குளிசைக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் ஒரு மணித்தியாலம்

ஆடி மாதக் கச்சான் காற்று அடிக்கும்போது களுவாஞ்சிக்குடியில் மத்தியானம் வெளியே இறங்க ஏலாது, காற்றே அனல் மாதிரி முகத்தில் அடிக்கும். ஏழு வருசத்துக்கு முன் அப்படி ஒரு நாளில் அலுவலகத்தில் எல்லாரும் கதிரையை இழுத்து ஃபேனுக்குக் கீழே போட்டுக்கொண்டிருக்க, நான் மட்டும் சால்வையைப் போர்த்திக்கொண்டு மூலையில் இருந்தேன். குளிர்ந்தது. உண்மையாகவே குளிர்ந்தது. கை விரல்கள் விறைத்து பேனை பிடிக்க ஒரு மாதிரி இருந்தது. பக்கத்தில் இருந்த கல்முனை அக்கா என் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "என்ன புள்ள, கை ஐஸ் மாதிரிக் கிடக்கு, ரத்தம் சோதிச்சுப் பாருங்க" என்று சொன்னா. நான் சரி சரி என்று சொல்லிவிட்டு அதோடு விட்டுவிட்டேன்.

அந்த வருசம் எனக்கு என்னவெல்லாம் இருந்தது என்று இப்போது யோசித்தால் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. இரவு ஒன்பது மணித்தியாலம் படுத்தாலும் காலையில் எழும்ப ஏலாது. மலச்சிக்கல். தலை சீவினால் சீப்பு நிறைய முடி. மாதவிடாய் வந்தால் எட்டு நாள் விடாமல் போகும். குரல் கட்டி, போனில் பேசினால் "தடிமனா?" என்று கேட்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் நானே கண்டுபிடித்து வைத்திருந்தேன்: வயது, வேலை, இரண்டு பிள்ளை பெற்ற உடம்பு, தண்ணி குடிக்கிறது குறைவு. எல்லாம் ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது என்று நினைக்கவே இல்லை. கடைசியில் பிடிபட்டது கொலஸ்ட்ரோலால். அலுவலகத்தில் எல்லாரும் போய்ச் செய்த ரத்தப் பரிசோதனையில் என்னுடையது 280க்கு மேல் இருந்தது. ரிப்போர்ட்டைப் பார்த்த டொக்டர் கொலஸ்ட்ரோலுக்கு மருந்து எழுதாமல் கழுத்தைத் தடவிப் பார்த்து, நாடியைப் பிடித்து எண்ணிவிட்டு, "முதல்ல டீ.எஸ்.எச். செய்து கொண்டு வாங்க" என்று அனுப்பினார். அவருக்கு நான் இன்றைக்கும் மனதுக்குள் நன்றி சொல்கிறேன், ஏனென்றால் கழுத்தில் உள்ள தைரொயிட் சுரப்பியின் வேலை குறைந்தால் கெட்ட கொலஸ்ட்ரோல் ஏறும், தைரொயிட்டைச் சரிசெய்தால் பல பேருக்கு அது தானாகவே இறங்கும். எனக்கும் இறங்கியது. டீ.எஸ்.எச். சாதாரணமாக 0.4க்கும் 4க்கும் இடையில் இருக்க வேண்டியது, எனக்கு 22.

இந்த எண் ஏன் கூடுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "தைரொயிட் கூடிட்டு" என்று சொல்லும் பல பேருக்கு உண்மையில் குறைந்துதான் இருக்கிறது. டீ.எஸ்.எச். என்பது தைரொயிட்டில் சுரக்கும் ஹோர்மோன் இல்லை, மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து வருவது. தைரொயிட் வேலை செய்யாமல் சோர்ந்தால் பிட்யூட்டரி "சுர, சுர" என்று கூடக் கூடக் கத்துகிறது, அந்தக் கத்தல்தான் அந்த எண். எனக்கு வந்தது ஹஷிமோட்டோ வகை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கழுத்தில் உள்ள சுரப்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்துவிடும். 1912இல் ஹகரு ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் இதை முதலில் எழுதியதால் அந்தப் பெயர். ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு கூட வரும், குடும்பத்தில் ஓடும்.

டொக்டர் 50 மைக்ரோகிராம் தைரொக்சின் குளிசை எழுதித் தந்தார். வாழ்நாள் முழுக்கப் போட வேண்டி வரும் என்று சொன்னார். அந்த "வாழ்நாள் முழுக்க" என்ற சொல்தான் என்னைக் குழப்பியது. முப்பத்தாறு வயதில் சாகும்வரை ஒரு குளிசையா என்று நினைத்து, சாப்பாட்டால் மாற்ற ஏலாதா என்று தேடத் தொடங்கினேன். தேடினால் கிடைக்காதது என்ன. கோதுமை மாவை விடு, பாலை விடு, கோவாவைத் தொடாதே, கொத்தமல்லி அவித்துக் குடி, தேங்காயெண்ணெய் வெறும் வயிற்றில் குடி. தெரிந்த ஒருவர் ஒரு மூலிகைத் தூள் கொண்டுவந்து தந்தார், மூன்று மாதத்தில் குளிசையை விடலாம் என்று. நான் அடுத்த நாளே விட்டேன்.

இதைத்தான் விரிவாக எழுத வேண்டும். குளிசையை விட்ட முதல் கிழமை ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது கிழமையும் நன்றாகத்தான் இருந்தேன், இன்னும் சுறுசுறுப்பாக இருப்பது மாதிரிக்கூட இருந்தது. தூள் வேலை செய்கிறது என்று அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் சொன்னேன். பிறகுதான் தெரிந்துகொண்டேன், தைரொக்சின் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஏழு நாள் எடுக்கும். ஆகவே நிறுத்தினாலும் பழைய மருந்து கிழமைக்கணக்காக உள்ளே நின்று வேலை செய்துகொண்டே இருக்கும், அந்தக் காலத்தில் நீங்கள் என்ன குடித்தாலும் அதுதான் குணமாக்கியது என்று தோன்றும். இரண்டாவது மாதம் முடிய நான் படியில் ஏறினாலே மூச்சு வாங்கியது, கண்ணிமை வீங்கியது, பிள்ளைகளோடு எரிந்து விழுந்தேன். திரும்பவும் சோதித்தபோது டீ.எஸ்.எச். நாற்பதைத் தாண்டி இருந்தது. தூள் தந்தவர் என்மீது அன்பில்தான் தந்தார், அவரில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் இதை வாசிக்கும் யாராவது இப்போது அந்த இரண்டாவது கிழமையில் இருந்தால், தயவுசெய்து குளிசையைத் திரும்ப எடுங்கள்.

அயடின் பற்றாக்குறையால் வருவதைத் தவிர்த்துப் பார்த்தால், சாப்பாட்டால் இந்த நோய் மாறிய கதை எனக்குத் தெரிந்து ஒன்றுதான். 1891இல் இங்கிலாந்தில் ஜோர்ஜ் மரே என்ற மருத்துவர் செம்மறி ஆட்டின் தைரொயிட்டிலிருந்து எடுத்த சாற்றை 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஊசியாகப் போட்டார். சாகக் கிடந்த அந்த அம்மா அந்த மருந்தோடு 74 வயது வரை இருந்தா. அடுத்த வருசமே வேறு மருத்துவர்கள் ஊசி இல்லாமல் அந்தச் சுரப்பியை லேசாகப் பொரித்துத் தின்னக் கொடுத்தும் பார்த்தார்கள், அதுவும் வேலை செய்தது. அந்தச் சாப்பாட்டில் இருந்ததும் தைரொயிட் சுரக்கும் ஹோர்மோன்தான். நம் குளிசையில் இருப்பதும் அதுதான், உடம்பு தானே செய்கிற தைரொக்சின், ஆட்டுக்குப் பதிலாகத் தொழிற்சாலையில் அளவாகச் செய்தது. இதைப் படித்த பிறகு எனக்குக் குளிசைமேல் இருந்த வெறுப்பு போய்விட்டது. மருந்து என்று நினைக்காமல், என் உடம்பு செய்ய மறந்த ஒன்றை நான் கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

சரி, அப்படியென்றால் சாப்பாட்டுக்கும் பழக்கவழக்கத்துக்கும் வேலையே இல்லையா? நிறைய இருக்கிறது. ஆனால் நான் தேடிய இடத்தில் இல்லை.

திரும்பவும் ஒழுங்காகக் குளிசை போடத் தொடங்கினேன். 50 போதவில்லை, 75 ஆனது, பிறகு 100. அப்போதும் டீ.எஸ்.எச். 9, 8 என்று நின்றதே தவிர இறங்கவில்லை. ஒரு நாள் கல்முனையில் குளிசை வாங்கப் போனேன். அந்தப் பாமசியில் நிற்கும் நானா கொஞ்சம் வயதானவர், துண்டைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து கேட்டார்.

"தங்கச்சி, இத எப்ப குடிக்கிறீங்க?"

"காலையில நானா. வெறும் வயித்துல."

"என்னத்தோட?"

"தேத்தண்ணியோட."

"பால் தேத்தண்ணியா?"

"ஓம்."

அவர் தலையை ஆட்டிவிட்டு, "மறுகா எப்பிடி தங்கச்சி வேலை செய்யும்? தண்ணியோட போடுங்க. ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு தேத்தண்ணியக் குடிங்க" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். எத்தனையோ தடவை கிளினிக் கொப்பியைக் கொண்டுபோய்க் கொண்டுவந்தும் இந்த ஒரு கேள்வியை என்னிடம் யாரும் கேட்டிருக்கவில்லை. வெறும் வயிறு என்றால் சோறு பிட்டு சாப்பிடாத வயிறு என்றுதான் நான் நினைத்திருந்தேன். நம் ஊரில் தேத்தண்ணியை யார் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பார்கள்? பால்மாவில் உள்ள கல்சியம் தைரொக்சினைப் பிடித்துக்கொள்ளும், குடல் அதை உறிஞ்ச விடாது. கோப்பியும் அப்படித்தான் குறைக்கும். எட்டுக் கிழமை தண்ணியோடு மட்டும் போட்டுவிட்டுச் சோதித்தேன். அதே 100தான். டீ.எஸ்.எச். 2.6.

அதிலிருந்து என் காலை முழுதும் மாறியது. ஐந்தேகாலுக்கு எழும்பி, ஒரு கிளாஸ் தண்ணியோடு குளிசை. ஆறேகால் வரை வாயில் ஒன்றும் வைக்க ஏலாது. அடுப்படிக்குள் நின்றால் தேத்தண்ணி வாசம் இழுக்கும், அதனால் செருப்பை மாட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடக்கப் போனேன். முதலில் தேத்தண்ணியை விட்டு ஓடத்தான் போனேன், நடப்பதற்காகப் போகவில்லை. ஆறு மாதத்தில் அந்த நடை இல்லாமல் எனக்கு ஏலாது என்று ஆகிவிட்டது. சூரியன் கடலுக்குள்ளிருந்து எழும்பும் நேரம், கரைவலை இழுப்பவர்கள் நிற்பார்கள், வலை ஏறினால் சூடையோ கீரியோ அங்கேயே வாங்கிக்கொண்டு வருவேன். காலில் இருந்த தசைப் பிடிப்பும் மூட்டு இறுக்கமும் இந்த நடையோடுதான் விட்டது. மலச்சிக்கலுக்கும் மனச் சோர்வுக்கும் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. மாரி மழைக் காலத்தில் கடற்கரைக்குப் போக ஏலாது, அப்போது முற்றத்தையும் விறாந்தையையும் கூட்டி ஒதுக்குவேன், அந்த நேரம் போய்விடும்.

ஒரு மணித்தியாலம் கடந்ததும் எல்லாம் சாப்பிடலாமா என்றால், சிலவற்றுக்கு இன்னும் தூரம் வேண்டும். இரும்புச்சத்துக் குளிசை, கல்சியக் குளிசை இரண்டுக்கும் நாலு மணித்தியாலம் இடைவெளி. இது நம் பெண்களுக்கு முக்கியம், ஏனென்றால் பிள்ளைத்தாச்சிக் கிளினிக்கில் இரண்டையும் தந்துவிடுவார்கள், காலையில் எல்லாவற்றையும் ஒரே வாயில் போட்டு விழுங்குவதுதான் வழக்கம். என் தங்கச்சிக்கு அப்படித்தான் நடந்தது. பிள்ளை வயிற்றில் வந்ததும் தைரொக்சின் அளவையே கூட்ட வேண்டி வரும், முதல் மாதங்களில் குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் ஹோர்மோன்தான் போகிறது. ஆகவே நாள் தள்ளிப்போய்விட்டது என்று தெரிந்த உடனேயே டொக்டரிடம் சொல்லுங்கள், அடுத்த கிளினிக் நாள் வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். வயிற்று எரிவுக்குப் போடும் கேஸ்ட்ரிக் குளிசைகளும் தைரொக்சின் உறிஞ்சுவதைக் குறைக்கும், அதைப் போடுகிறீர்கள் என்றால் அதையும் சொல்ல வேண்டும். இலைக்கஞ்சி, குரக்கன் பிட்டு எல்லாம் நல்ல சாப்பாடுதான், ஆனால் நார்ச்சத்தும் கல்சியமும் நிறைந்தவை என்பதால் நான் காலையில் எடுப்பதில்லை, குரக்கன் இரவுக்கு. சோயா மீட் மத்தியானக் கறிக்கு.

கோவாவைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். கோவா, கோலிஃபிளவர் போன்றவற்றில் தைரொயிட்டுக்கு இடைஞ்சல் செய்யும் பொருட்கள் இருப்பது உண்மை, ஆனால் சமைத்தால் பெரும்பகுதி போய்விடும், கிழமையில் ஒன்றிரண்டு நாள் கோவாச் சுண்டல் சாப்பிடுவதால் யாருக்கும் தைரொயிட் கெடாது. பச்சையாக அரைத்துச் சாறு எடுத்து நாள்தோறும் குடிப்பது வேறு கதை. நம் பக்கத்தில் கொஞ்சம் யோசிக்க வேண்டியது மரவள்ளிதான். அதிலுள்ள சயனைட்டுப் பொருள் உடம்பில் தயோசயனேட்டாக மாறி, தைரொயிட்டுக்குள் அயடின் போவதைத் தடுக்கும். அயடின் குறைவான இடத்தில் மரவள்ளியே சோறாகச் சாப்பிடுகிறவர்களுக்குத்தான் இதனால் கழலை வருகிறது. மரவள்ளி அவிக்கும்போது சட்டியை மூடாதே, அவித்த தண்ணியை ஊற்று என்று அம்மம்மா சொல்வா. அதில் எவ்வளவு அறிவு இருந்தது என்று இப்போதுதான் விளங்குகிறது. நானும் அப்படித்தான் அவிக்கிறேன், மாதத்தில் இரண்டு மூன்று தடவை கட்டைச் சம்பலோடு சாப்பிடுகிறேன்.

அயடின் விசயத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. இலங்கையில் 1995 முதல் சாப்பாட்டு உப்புக்கு அயடின் சேர்ப்பது கட்டாயம், அதோடு நாம் கடல் மீனும் இறாலும் நண்டும் சாப்பிடுகிற ஆட்கள். ஒரு ஆளுக்கு நாளைக்கு வேண்டியது 150 மைக்ரோகிராம்தான். இதற்குமேல் கடற்பாசிக் குளிசை, அயடின் துளி என்று வாங்கிப் போட்டால் ஹஷிமோட்டோ உள்ளவர்களுக்கு நிலைமை இன்னும் மோசமாகலாம். மறுபக்கத்தில், ஆரோக்கியம் என்று சொல்லிக்கொண்டு வீட்டில் எல்லாச் சமையலையும் இந்துப்புக்கு மாற்றியவர்களையும் தெரியும், அதில் அயடின் சேர்ப்பதில்லை. அயடின் உப்பை மூடியுள்ள போத்தலில் வையுங்கள், கறி இறக்கும் நேரம் போடுங்கள், அவ்வளவுதான். மீனில் அயடின் மட்டுமல்ல, செலெனியமும் இருக்கிறது. தைரொக்சினை உடம்பு பாவிக்கக்கூடிய வடிவத்துக்கு மாற்றும் நொதிகளுக்கு அது வேண்டும். முட்டையிலும் இருக்கிறது. படுவான்கரையிலிருந்து வரும் எருமைத் தயிரையும் நான் விடவில்லை, பின்னேரமோ மத்தியானமோ சாப்பிடுகிறேன். கோதுமை மாவை விடுவது, கோதுமைப் புரதம் குடலுக்கு ஆகாத சீலியாக் நோய் இருப்பவர்களுக்குத்தான் தேவை.

முடி கொட்டுகிறது என்று பயோட்டின் குளிசை போடுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அது தைரொயிட்டை ஒன்றும் செய்யாது, ஆனால் ரத்தப் பரிசோதனை முடிவைப் பிழையாகக் காட்டிவிடும். சோதிக்க இரண்டு நாளைக்கு முன்பாவது நிறுத்திவிட்டுப் போங்கள், டொக்டரிடமும் சொல்லுங்கள்.

உடம்பு பாரம். இதில் உண்மையைச் சொன்னால் சிலருக்குப் பிடிக்காது. தைரொயிட் குறைவால் கூடும் எடை பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து கிலோதான், அதிலும் பெரும்பகுதி உப்பும் நீரும். எனக்குப் பதினொரு கிலோ கூடி இருந்தது. டீ.எஸ்.எச். சரியானதும் நாலு கிலோ தானாக இறங்கியது, மிச்சம் ஏழில் ஐந்து கிலோவை நான் சோற்றைக் குறைத்து நடந்து, இரண்டு வருசத்தில் இறக்கினேன். எடை குறைய வேண்டும் என்று குளிசையைக் கூட்டிப் போட்ட ஒருவரை எனக்குத் தெரியும், நெஞ்சு படபடத்து ஆஸ்பத்திரியில் நாலு நாள் இருந்தா. அதைச் செய்யவே வேண்டாம்.

2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது எனக்கு வழக்கமான குளிசை கிடைக்கவில்லை, வேறு கம்பனியுடையது கிடைத்தது. ஒன்றும் ஆகவில்லை, ஆனால் கம்பனி மாறினால் ஆறு எட்டுக் கிழமையில் ஒருக்கால் சோதித்துப் பார்ப்பது நல்லது. அந்த நாட்களில் மின்சாரமும் இல்லை, வீடு சூளை மாதிரி. தைரொக்சினுக்கு வெப்பமும் ஈரமும் வெளிச்சமும் ஆகாது. முதலில் நான் அடுப்படித் தட்டில், மறக்காமல் இருக்க வேண்டும் என்று, அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். இப்போது படுக்கை அறையில் அலுமாரியின் கீழ்த் தட்டில், அதன் பெட்டிக்குள்ளேயே.

கடைசியாக வீட்டுக் கதை. எங்கள் பக்கத்தில் வீடு வளவு பெண்பிள்ளைகளுக்குத்தானே, அதனால் அம்மா, பெரியம்மா, நான் மூன்று பேரும் ஒரே வளவுக்குள் மூன்று வீட்டில் இருக்கிறோம். எனக்கு வந்த பிறகு மற்ற இருவரையும் இழுத்துக்கொண்டு போய்ச் சோதித்தேன். அம்மாவுக்கு 14, பெரியம்மாவுக்கு 11. எத்தனையோ வருசமாக "வயசு போயிட்டு மகள்" என்று சொல்லிக்கொண்டு இருட்டும் முன்பே படுத்தவர்கள். வயதானவர்கள் என்பதால் டொக்டர் 25இல் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டினார், இருதயத்துக்குத் திடீர்ப் பாரம் ஆகாது என்று. அம்மாவுக்குச் சிக்கல் தேத்தண்ணி. அறுபது வருசமாக விடிய எழும்பியதும் குடித்த தேத்தண்ணியை ஒரு மணித்தியாலம் தள்ளிப் போடச் சொன்னால் முகமே சுருங்கிவிட்டது. குளிசையையும் மறைத்துவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்ததை இரண்டு தரம் கண்டேன்.

வழி சொன்னது கல்முனை அக்காதான். அவவுக்கும் தைரொயிட் இருக்கிறது, நோன்பு மாதத்தில் இரவு படுக்கப் போகும்போது குளிசை போடுவா, டொக்டரிடம் கேட்டுத்தான். சாப்பிட்டு மூன்று மணித்தியாலம் கழிந்திருந்தால் இரவிலும் நன்றாக உறிஞ்சும். நாங்களும் டொக்டரிடம் கேட்டோம், சரி என்றார். இப்போது அம்மா ஆறரைக்கே இரவுச் சாப்பாட்டை முடித்துவிடுவா, முதலில் மாதிரி எட்டு மணிக்கு வாழைப்பழம் எடுப்பதில்லை. பத்து மணிக்கு என் போன் அடித்ததும் மகள் தண்ணிக் கிளாஸோடு அம்மம்மா வீட்டுக்கு ஓடுவாள். மகளுக்குப் பதினாறு முடிந்த கையோடு ஒருக்கால் சோதித்தோம், சரியாக இருந்தது. தை பிறந்ததும் என்னோடு அவளையும் திரும்பக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.